காரைச் சரிபண்ணியாச்சு... இருக்கை வாரைப் பார்த்தீங்களா?

தீவு விரைவுச்சாலையில் முன்னால் போன கார் திடீரென நிற்கிறது. நீங்களும் பிரேக் போடுகிறீர்கள். ஆனாலும் இடித்துவிடுகிறது. சில வாரம் கழித்து, புது பம்பர், புது சாயம் என்று கார் பட்டறையிலிருந்து பளபளவெனத் திரும்பி வருகிறது.

இருக்கை வார்? "அது நல்லாத்தானே இருக்கு!" என்பீர்கள். சிக்கலே அங்கேதான்.

வார் பாலியெஸ்டர் இழைகளால் நெய்யப்பட்டது. மோதும்போது முன்னால் பாயும் உங்கள் உடலை, சற்று நீண்டுகொடுத்துத் தாங்குகிறது. அப்படி ஒருமுறை இழுபட்டது, அடுத்த முறையும் அதே அளவு தாங்கும் என்று நம்ப முடியாது.

இன்றைய கார்கள் பலவற்றில் ப்ரீடென்ஷனரும் உண்டு. மோதலை உணர்ந்ததும் அதிலுள்ள சிறிதளவு வெடிமருந்து வெடித்து, கண் சிமிட்டும் நேரத்துக்குள் வாரை இறுக்கும். அது வேலை செய்வது ஒரே ஒரு முறைதான். வெடித்த பிறகும் கொக்கி 'கிளிக்' என்று மாட்டக்கூடும். நாம் ஏமாறுவது அதனால்தான். காற்றுப்பை எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

நீங்களே பார்க்கலாமா? பார்க்கலாம். வாரைக் கடைசிவரை வெளியே இழுங்கள். ஓரம் பிசிறியிருக்கிறதா? தோள்பக்க வளையத்தில் உரசும் இடம் உருகியதுபோல் பளபளக்கிறதா? வெடுக்கென இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும், விட்டால் தானாகச் சுருண்டு உள்ளே போக வேண்டும். பின்னிருக்கையில் யாராவது இருந்திருந்தால் அந்த வாரையும் பாருங்கள். அதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் நிம்மதி அடைய முடியாது. மோதலின்போது அணிந்திருந்த வாரை, சுருளியோடும் கொக்கியோடும் முழுதாக மாற்றும்படி பல கார்களின் கையேடுகள் சொல்கின்றன. உங்கள் கார் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். பலர் அதைத் திறந்ததே இல்லை!

காசு மிச்சம் என்று பழைய காரிலிருந்து கழற்றிய வாரை வாங்காதீர்கள். அதுவும் எதிலாவது மோதிய காராக இருக்கலாமே? குழந்தை இருக்கைக்கும் இது பொருந்தும்.

சிங்கப்பூரில் விபத்தை 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும். அப்போதே எந்தெந்த இருக்கையில் ஆள் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். பழுதுபார்ப்புப் பட்டியலில் வார் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.