வகுப்பறை வினாவும் மாணவர் ஈமானும்

முதுகலை மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்தபின் ஒருநாள் நம்மைத் தனியே காண வந்தார். "ஐயா, தேர்வில் உலகாயதம் பற்றிய வினா வந்தது. இறைவன் இல்லை, மறுமை இல்லை என்னும் அவர்தம் கொள்கையை நான்கு பக்கம் விரித்து எழுதினேன். அன்றிரவு இஷாத் தொழுகையில் நின்றபோது நெஞ்சு உறுத்தியது. நான் எழுதியது என் ஈமானுக்குச் செய்த துரோகம் ஆகுமா?" என்று வினவினார். படிப்பை விட்டுவிட்டுத் தந்தையாரின் கடையில் அமர்ந்துவிடலாமா என்றும் எண்ணுவதாகச் சொன்னார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. அவருக்கு அன்று நாம் கூறிய விடையையே இங்கு எல்லார்க்குமாக எழுத விழைகின்றோம்.

இந்நெருக்கடி நமக்கும் நேர்ந்ததுண்டு. நாம் இளங்கலை பயின்ற நாளில் ஆசிரியர் ஒருவர் நம்மை எழுப்பி நிறுத்தி, "கண்ணால் காணாததை எங்ஙனம் நம்புகிறீர்?" என்று கேட்டார். விடை தோன்றவில்லை. வகுப்பு நகைத்தது. அவர்மீது நெடுநாள் சினம் கொண்டிருந்தோம். நகைக்க விட்டது முறையன்று. ஆயினும் வினா முறையானதே என்பதைப் பின்னர் உணர்ந்தோம்.

அவ்வினாவுக்கு ஒரு விடை நம் பாடநூலிலேயே இருந்தது. மணிமேகலையின் 27ஆம் காதையில் காப்பியத் தலைவி வஞ்சி மாநகரில் சமயவாதியர் பலருடைய கொள்கைகளையும் பொறுமையுடன் கேட்கின்றாள். இறுதியில் வரும் பூதவாதி, கண்கூடாகக் காண்பதன்றிக் கருதலளவையை ஏற்க மறுக்கின்றான். அவனிடம் அவள், உன் தாய் தந்தையரை நீ கருதலளவையால் அன்றி வேறு எவ்வாறு அறிந்தாய் என்னும் கருத்துப்படக் கேட்கின்றாள். இதனால் மறுமை உண்டென்று நிறுவப்பட்டுவிடாது. காண்பது மட்டுமே உண்மை என்னும் முடிவு நில்லாது என்பது மட்டும் புலனாகும். வாதத்தில் எது நிறுவப்பட்டது, எது நிறுவப்படவில்லை என்று பிரித்தறிவதே கல்வி. இந்நூல் ஒரு பௌத்தக் காப்பியம் என்பதும் எண்ணத்தக்கது. பிறர் நூலிலிருந்தும் நமக்கு ஒளி கிடைக்கின்றது.

இனி, மாணவரின் வினாவுக்கு வருவோம். மாற்றார் கருத்தைச் செம்மையாக எடுத்துரைப்பது ஈமானுக்குக் கேடா? இவ்வினா இஸ்லாமிய அறிவு மரபில் மிகப் பழையது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 1091இல் பக்தாதின் நிஜாமிய்யாக் கல்விக்கூடத்தில் ஆசிரியப் பொறுப்பேற்றார். முந்நூறு மாணவர்க்குக் கற்பித்துக்கொண்டே, கிடைத்த ஓய்வு நேரத்தில் தத்துவ நூல்களைத் தாமே பயின்றார். ஒரு துறையை அதன் அடிவரை அறியாதவர் அதனை மறுக்க இயலாது என்பது அவர் கொள்கை. பாத்தினிகளின் வாதங்களை அவர் நிரல்பட எடுத்துரைத்தபோது, அவர்களுக்காக நீரே உழைத்துவிட்டீரே என்று நம்மவருள் சிலரே குறை கூறினர். இதனைத் தம் 'அல் முன்கித்' நூலில் அவரே குறிப்பிடுகின்றார்.

அங்கே அவர் மற்றொரு செய்தியையும் நினைவுகூர்கின்றார். முஃதஸிலாக்களை மறுத்து எழுதிய ஹாரித் அல்முஹாஸிபியை (ரஹ்) இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) கண்டித்தார். முதலில் ஐயத்தை எழுதிப் பின்னர் விடையை எழுதினால், படிப்பவர் ஐயத்தைப் பற்றிக்கொண்டு விடையை விட்டுவிடலாம் என்பது அவர் அச்சம். கஸ்ஸாலி (ரஹ்) அவ்வச்சத்தைப் புறந்தள்ளவில்லை. பரவாத ஐயத்திற்கு அது பொருந்தும். பரவிவிட்ட ஐயத்திற்கு விடையளிப்பது கடமை. எடுத்துரைக்காமல் விடையளிக்க இயலாது என்கின்றார். ஐயங்கள் கைப்பேசி வழியே வீடுதோறும் நுழைந்துவிட்ட இந்நாளில், மூடிவைப்பதால் பிள்ளைகளைக் காத்துவிடலாம் என்று கருதும் நம் பெரியோர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

அறிவியலை மறுப்பதே மார்க்கப் பற்று என்று கருதுவோரையும் கஸ்ஸாலி (ரஹ்) கடிந்துரைத்தார். கணக்கால் நிறுவப்பட்ட கிரகணத்தை மறுப்பவர் மார்க்கத்துக்கே தீங்கு செய்கின்றார் என்பது அவர் கருத்து. கி.பி. 632இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மைந்தர் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அம்மறைவுக்காகவே அது நேர்ந்தது என மக்கள் பேசிக்கொண்டனர். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் சூரியனும் சந்திரனும் கிரகணம் கொள்வதில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். துயரத்தின் நடுவிலும், தமக்குப் பெருமை சேர்க்கக்கூடிய ஒரு பிழையை அவர்கள் ஏற்கவில்லை.

மாணவச் செல்வங்களே! வகுப்பில் வினா எழும்போது அது ஏளனமா, ஐயமா என்று முதலில் தெளியுங்கள். ஏளனத்துக்கு அமைதி போதும். ஐயத்துக்கு உழைப்பு வேண்டும். 1925இல் தோன்றிய சுயமரியாதை இயக்கத்தின் வழிவந்த ஆசிரியர் பலர், சாதி இழிவைக் கண்டு நொந்தே சமயத்தை வினவுகின்றனர். அந்நோவைச் செவிமடுத்தல் நம் கடன். உடனே விடை தெரியாவிடில், "படித்து வந்து சொல்கிறேன்" என்று கூறுவதில் இழிவில்லை.

அம்மாணவரிடம் நாம் கூறியது இதுவே: "தம்பி, பிறர் கூற்றைப் பிழையின்றி எழுதியது நேர்மை. நேர்மை ஈமானுக்குப் பகையாகாது. உலகாயதர்க்குச் சைவர் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் விடை எழுதியுள்ளனர். இனி உமது விடையை நீரே தேடி எழுதும்." அவர் கடைக்குச் செல்லவில்லை, மறுநாள் நூலகத்தில் அமர்ந்திருக்கக் கண்டோம். அவர்தம் விடை இன்னும் முடியவில்லை. தேடுவோர்க்கு வல்ல இறைவன் நல்வழி காட்டுவானாக!