மணலுக்குள் 400 மீட்டர்

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' நாவலில் (1965) அராக்கிஸ் என்னும் பாலைக் கோளின் மணலுக்கடியில் ராட்சதப் புழுக்கள் வாழ்கின்றன. சில 400 மீட்டரைத் தாண்டும். மேலே ஒருவர் சீரான தாளத்தில் நடந்தால் போதும், அதிர்வை உணர்ந்து பாய்ந்து வந்துவிடும். புலனைப் பொறுத்தவரை இந்தக் கற்பனை அப்பழுக்கற்றது என்பேன். நமீப் பாலைவனத்தின் தங்க அகழெலியைப் பாருங்கள்: உள்ளங்கையில் அடங்கும் உடல், தோல் மூடிய கண்கள். இரவில் மணல்மேல் ஓடும்போது இடையிடையே நின்று தலையை மணலில் புதைக்கும். அதன் நடுச்செவியின் சுத்தி எலும்பு உடலளவுக்கு மிகப் பெரியது. புல்திட்டுகளில் காற்று எழுப்பும் மெல்லிய அதிர்வைக்கூட அதனால் உணர முடிகிறது. இரையான கரையான்கள் கிடைப்பதும் அங்கேதான்.

புழுவின் பருமன்தான் இடிக்கிறது. உடல் பருக்கப் பருக்க, ஒதுக்க வேண்டிய மணலும் கூடுகிறது. ஆழம் போகப் போக மணலின் இறுக்கமும் ஏறுகிறது. சகாராவின் மணல்மீன் என்னும் அரணைகூட விரல்நீள உடலோடு, கால்களை ஒடுக்கிக்கொண்டு நெளிந்துதான் மணலுக்குள் முன்னேறுகிறது. சின்னஞ்சிறு உயிர்களைத் தின்றே திமிங்கிலம் பருக்கவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் திமிங்கிலத்தின் எடையைக் கடல் தாங்குகிறது, எளிதில் விலகி வழியும் விடுகிறது. அதிர்வாலோ காற்றாலோ மணலையும் நீர்போல் இளக்கலாமே என்றால், இளக்கலாம். ஆய்வகங்களில் காற்றைச் செலுத்தி அப்படிச் செய்கிறார்கள். அந்த ஆற்றலை ஓர் உயிர் ஒவ்வொரு அடிக்கும் செலவழிக்க வேண்டுமே! வறண்ட பாலையில் அதற்கு ஈடான இரை எங்கே?