சோற்றைக் குறைப்பதா, கைவிடுவதா?

நீரிழிவு உள்ளவர் சோறு சாப்பிடலாமா? முகாமில் பங்கீட்டு அரிசியும் கோதுமை மாவுமே உணவாயிருந்த காலத்தில் இக்கேள்விக்கு இடமே இருக்கவில்லை. இன்று ஆளுக்கொரு விடை சொல்கிறார்கள். வைத்திய உலகிலும் ஒருமித்த கருத்து இல்லை. இரத்தத்தில் சீனியைத் தணிக்க மாச்சத்தைக் குறைப்பதற்கே சான்றுகள் அதிகம் என்று 2019இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் கூறியது. 2021இல் பிரித்தானிய அரசின் போஷாக்கு ஆலோசனைக் குழுவோ, ஆறு மாதம் வரை பயன் உண்டு, ஓராண்டு கடந்தால் மற்ற உணவுமுறைகளிலிருந்து பெரிய வேறுபாடு இல்லை என்றது. ஆக, பிணக்கு எவ்வளவு, எவ்வளவு காலம் என்பதில்தான்.

சோற்றை விட்டுக் குரக்கன் பிட்டை வயிறு நிறைய உண்போரையும் காண்கிறோம். நூறு கிராம் குரக்கன் மாவிலும் ஏறத்தாழ 70 கிராம் மாச்சத்து உண்டு. நார்ச்சத்துக் கூட, அவ்வளவுதான்.

நமக்கு அச்சம் தருவது வேறொன்று. கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளோ இன்சுலினோ எடுப்பவர், யாரோ சொன்னார் என்று ஒரே நாளில் சோற்றைக் கைவிட்டு, மருந்தை மட்டும் வழமைபோல் எடுத்துக்கொண்டு வெயிலில் மண்வெட்டி பிடித்தால் சீனி மட்டம் திடீரென விழக்கூடும். வியர்வை, நடுக்கம், தலைச்சுற்று, சிலவேளை மயக்கமும் வரும். நினைவு இருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சோற்றைக் குறைக்க விரும்புவோர் அதைக் கிளினிக் நாளில் முதலில் வைத்தியரிடம் சொல்லட்டும். குளிசையின் அளவையும் அவர் குறைக்க வேண்டியிருக்கும்.