இறக்கத்தில் ஹெட்லைட் ஏன் மங்குகிறது?

கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு இரவில் பழைய ஸ்பிளெண்டரில் இறங்குபவர், வளைவு வந்ததும் கிளட்சைப் பிடித்துக்கொண்டு பிரேக்கை அழுத்துகிறார். வெளிச்சம் அதிகம் வேண்டிய அந்த இடத்தில்தான் ஹெட்லைட் மங்குகிறது. பேட்டரி போய்விட்டதா?

பேட்டரி பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் கால ஸ்பிளெண்டரில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் மேக்னட்டோ காயிலிலிருந்தே வருகிறது; ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட்தான் பேட்டரியில் ஓடுபவை. காந்தம் சுழலும் வேகம் குறைந்தால் வோல்டேஜும் குறையும். கிளட்சைப் பிடித்ததும் இன்ஜின் ஐடிலுக்கு வந்துவிடுகிறது, வெளிச்சமும் கூடவே இறங்குகிறது. கியரிலேயே இறங்கினால் இன்ஜின் சுற்றிக்கொண்டிருக்கும். மாறாக, ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது பல்பு அடிக்கடி பியூஸ் போனால், வோல்டேஜைச் சுமார் 14-க்குள் நிறுத்த வேண்டிய ரெகுலேட்டரைச் சந்தேகிக்கலாம்.

வேகமெடுத்தும் மங்கலா? எர்த் வயரைப் பாருங்கள். 35 வாட் பல்பு 12 வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். எர்த் போல்ட்டில் படிந்த துரு அரை ஓம் தடையாக நின்றால்கூட ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடும். வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காலி. உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை முடுக்கினால் போதும். இண்டிகேட்டர் போடும்போது பிரேக் லைட்டும் சேர்ந்து மினுக்குவது பெரும்பாலும் இதே கோளாறுதான்.

ஹேண்டிலைத் திருப்பினால் விளக்கு விட்டுவிட்டு எரிகிறதா? கழுத்துப் பகுதியில் வயர் உறைக்குள்ளேயே அறுந்திருக்கும். மேலே பார்த்தால் தெரியாது.

பியூஸ் போனால் மட்டும் செம்புக் கம்பியைச் சுற்றி ஓட்டாதீர்கள். அடுத்த ஷார்ட்டில் எரிவது வயரிங்காக இருக்கும்.