நீர் போன வழியே ஒரு நடை

சுண்ணாம்புப் பள்ளத்தாக்குகள் – 6: மாலம், யார்க்‌ஷயர்

மாலம், வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவின் தென்பகுதியில் உள்ள சிற்றூர். ‘டேல்’ என்றால் அந்த வட்டார வழக்கில் பள்ளத்தாக்கு. 1954இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்தப் பகுதியில் நடப்பதற்கேற்ற பள்ளத்தாக்குகள் பல உண்டு. அவற்றுள் சிறு பிள்ளைகளோடு வருபவர்களுக்கு மிகவும் ஏற்றது மாலம். ஓர் அருவி, ஒரு மலையிடுக்கு, ஒரு கல்தளம், அந்தக் கல்தளத்தைத் தாங்கி நிற்கும் மாபெரும் பாறைச் சுவர் ஆகிய நான்கையும் ஏழெட்டு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே வட்டப் பாதை இணைத்துவிடுகிறது. நான்கும் நீர் செய்த வேலை. நீர் எங்கே ஓடியது, எங்கே மறைந்தது, எங்கே மீண்டும் வெளிப்பட்டது என்று பார்த்துக்கொண்டே நடந்தால் இந்தப் பள்ளத்தாக்கு பிள்ளைகளுக்கும் எளிதில் விளங்கும்.

கடலில் பிறந்த பாறை

ஏறத்தாழ 33 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய பிரிட்டன் இருக்கும் நிலப்பகுதி நிலநடுக்கோட்டை ஒட்டி, வெதுவெதுப்பான ஆழமற்ற கடலுக்கு அடியில் கிடந்தது. அந்தக் கடலில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியதே இங்குள்ள சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அது பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கல்லைச் சிறுகச் சிறுகக் கரைத்து, வெடிப்புகளை அகலப்படுத்துகிறது. அதனால்தான் சுண்ணாம்பு நிலத்தில் ஓடைகள் திடீரென்று தரைக்குள் புகுந்து மறைகின்றன.

நீர் நிலத்துக்குள் ஓடுமென்றால், மேலே இவ்வளவு ஆழமான பள்ளத்தாக்குகளை வெட்டியது யார்? விடை பனியுகத்தில் இருக்கிறது. அப்போது நிலம் உறைந்து, பாறை வெடிப்புகள் பனிக்கட்டியால் அடைபட்டிருந்தன. உருகிய பனிநீர் உள்ளே இறங்க வழியின்றித் தரைமேலேயே பாய்ந்து பள்ளத்தாக்குகளை அறுத்தது. பனி விலகியதும் வெடிப்புகள் திறந்துகொள்ள, நீர் கீழே போய்விட்டது. பள்ளத்தாக்கு மட்டும் வறண்டு நின்றது.

ஜேனட்ஸ் ஃபாஸ்

வட்டப் பாதை ஊரின் தென்முனையில், தேசியப் பூங்கா மையத்தை ஒட்டிய வாகன நிறுத்தத்தில் தொடங்குகிறது. ஓடைக்கரையோடு புல்வெளிகளைக் கடந்து ஒரு சிறு காட்டுக்குள் போகும் முதல் பகுதியில் ஏற்றம் அநேகமாக இல்லை. வசந்த காலத்தில் இந்தக் காட்டின் தரை முழுவதும் காட்டுப்பூண்டு வெள்ளையாகப் பூத்திருக்கும். பூவைக் காண்பதற்கு முன்பே பூண்டு வாசம் வந்துவிடும்.

காட்டின் முடிவில் இருக்கிறது ஜேனட்ஸ் ஃபாஸ் என்ற சிறிய அருவி. ‘ஃபாஸ்’ என்பது பழைய நோர்ஸ் மொழியில் அருவியைக் குறிக்கும் சொல். ஜேனட் என்பவள் தேவதைகளின் அரசி. அருவிக்குப் பின்னால் உள்ள குகையில் அவள் குடியிருக்கிறாள் என்பது ஊர் வழக்கு. முற்காலத்தில் உரோமம் கத்தரிக்கும் முன் ஆடுகளை இங்குள்ள மடுவில்தான் மேய்ப்பர்கள் குளிப்பாட்டினார்கள்.

அருவி விழும் பாறை ஒரு திரைபோல முன்னால் புடைத்து நிற்கிறது. பாறையைக் கரைத்துக்கொண்டு வந்த நீர் இங்கே சுண்ணாம்பை மறுபடியும் படியவிடுகிறது. அந்தப் படிவத்துக்கு டூஃபா என்று பெயர். ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொள்ளும் வெள்ளைப் படலமும் இதே சுண்ணாம்புதான்.

கோர்டேல் ஸ்கார்

அருவியிலிருந்து சாலைக்கு ஏறி, ஒரு புல்வெளி வழியாகச் சென்றால் கோர்டேல் ஸ்கார். தொடக்கத்தில் அகன்ற வெளியாகத் தெரியும் பள்ளத்தாக்கு ஒரு திருப்பத்தில் சட்டென்று குறுகிவிடும். இருபுறமும் நூறு மீட்டர் அளவுக்கு எழும் பாறைகள் தலைக்குமேல் சாய்ந்து நிற்க, நடுவில் இரண்டு அடுக்காக அருவி விழுகிறது. ஓவியர் ஜேம்ஸ் வார்டு இந்த இடுக்கை மூன்று மீட்டருக்கு மேல் உயரமும் நான்கு மீட்டருக்கு மேல் அகலமும் கொண்ட ஒரே திரையில் தீட்டினார். 1815இல் காட்சிக்கு வைக்கப்பட்ட அந்த ஓவியம் இன்று லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.

அருவியின் பக்கவாட்டில் பாறையைப் பற்றி மேலே ஏறிச் செல்லும் வழி ஒன்று உண்டு. கைகளையும் ஊன்றி ஏற வேண்டிய, ஈரமான, வழுக்கும் வழி அது. சிறு பிள்ளைகளோடு வந்தவர்கள் அருவியைப் பார்த்துவிட்டு வந்த வழியே சாலைக்குத் திரும்புவதே முறை.

மாலம் கோவ்

சாலையிலிருந்து மேய்ச்சல் நிலங்களின் வழியாக மெல்ல ஏறும் பாதை, மாலம் கோவின் உச்சிக்குப் போகிறது. கோவ் என்பது ஏறத்தாழ 80 மீட்டர் உயரமும் 300 மீட்டர் அகலமும் கொண்டு, வில்போல வளைந்து நிற்கும் வெண்சாம்பல் நிறப் பாறைச் சுவர். பனியுகத்தின் முடிவில் இதன் மேலிருந்து பேரருவி ஒன்று விழுந்தது. இன்று சுவர் வறண்டு கிடக்கிறது. 2015 டிசம்பர் 6 அன்று மட்டும், டெஸ்மண்ட் புயல் கொண்டுவந்த மழையால் பல தலைமுறைகளில் முதல் தடவையாக நீர் மறுபடியும் உச்சியிலிருந்து கொட்டியது.

உச்சியில் விரிந்து கிடப்பது கல்தளம். பனியாறு மேல்மண்ணை வழித்தெடுத்த வெற்றுப்பாறையில் மழைநீர் வெட்டிய சந்துகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. திட்டாக நிற்கும் கல்லுக்குக் கிளின்ட் என்றும், இடையிலுள்ள ஆழமான சந்துக்குக் கிரைக் என்றும் பெயர். காற்றும் ஆடும் எட்டாத இந்தச் சந்துகளுக்குள் நிழலும் ஈரமும் விரும்பும் பெரணிகள் வளர்கின்றன. ஹாரி பாட்டர் படவரிசையில் 2010இல் வெளிவந்த ‘டெத்லி ஹாலோஸ்’ முதல் பாகத்தில் ஹாரியும் ஹெர்மயோனியும் கூடாரமிடும் இடமாக வருவது இந்தக் கல்தளம்தான்.

பாதையில் மிகுந்த கவனம் தேவைப்படும் இடமும் இதுவே. கல் பல்லாயிரம் கால்கள் பட்டு வழவழப்பாகியிருக்கிறது. மழை பெய்தால் வழுக்கும். சந்துகளில் கால் சிக்கினால் எலும்பு முறியலாம். செங்குத்துச் சுவரின் விளிம்பில் வேலி கிடையாது. பிள்ளைகளின் கையைப் பிடித்து, விளிம்பை விட்டு நன்றாக உள்ளே தள்ளி நடக்க வேண்டும். ஓடுவதும் கல்லுக்குக் கல் தாவுவதும் கூடாது.

மேற்குப் பக்கத்தில் ஏறத்தாழ 400 கற்படிகள் கீழே இறங்குகின்றன. அடிவாரத்தில் சுவரின் காலடியிலிருந்து ஓர் ஓடை சத்தமின்றி வெளிவருகிறது. மேட்டிலுள்ள மாலம் ஏரியின் நீர்தான் இங்கே வெளிப்படுகிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. மாலம் ஏரி 377 மீட்டர் உயரத்தில், நீரைக் கீழே விடாத பலகைக்கல்லின் மேல் தேங்கியிருக்கிறது. அதிலிருந்து வெளியேறும் ஓடை சுண்ணாம்புக்கல்லைத் தொட்டதும் நிலத்துக்குள் புகுந்துவிடுகிறது. நீரில் சாயம் போன்றவற்றைக் கலந்து செய்த சோதனைகள் உண்மையைக் காட்டின: ஏரிநீர் ஊருக்குத் தெற்கே ஏர் ஹெட் ஊற்றுகளில் வெளிவருகிறது, கோவின் அடியில் வருவது வேறோர் இடத்தில் மறைந்த ஓடை. இரண்டும் நிலத்தடியில் ஒன்றையொன்று கடந்து செல்கின்றன.

வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் இந்தச் சுவரில் பொரி வல்லூறுகள் குஞ்சு பொரிக்கின்றன. அடிவாரத்தில் நின்று தொலைநோக்கியில் அவற்றைப் பார்க்கலாம். அங்கிருந்து ஊர்வரை செப்பனிட்ட பாதை உண்டு. முழு வட்டமும் நடக்க முடியாத மூத்தவர்களும் கைக்குழந்தையோடு வந்தவர்களும் ஊரிலிருந்து இந்த அடிவாரம்வரை மட்டும் வந்து திரும்பினாலே போதும்.

புறப்படும் முன்

நின்று பார்த்து நடக்கும் குடும்பத்துக்கு வட்டப் பாதை நான்கு மணி நேரமாவது எடுக்கும். பிடிப்புள்ள காலணி, மழைச்சட்டை, குடிநீர், தின்பண்டம் நான்கும் கோடையிலும் தேவை. குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுமாதலால் காலையிலேயே தொடங்க வேண்டும். விபத்து நேர்ந்தால் 999ஐ அழைத்து, காவல்துறை வழியாக மலைமீட்புக் குழுவைக் கேட்க வேண்டும்.

பாதை பெரும்பாலும் ஆடுமாடுகள் மேயும் நிலங்களின் வழியாகப் போகிறது. மூடியிருந்த கதவைக் கடந்தபின் மூடிவிட வேண்டும். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் பிள்ளைகளுக்கும் இடையே நல்ல தொலைவு இருக்க வேண்டும். நாயைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். சாந்தில்லாமல் கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய சுவர்களில் ஏறக் கூடாது. ஒரு கல் சரிந்தால் தொடர்ந்து பல கற்கள் சரியும். கல்தளத்திலிருந்து ஒரு துண்டைக்கூட எடுத்துவரக் கூடாது. முன்பு தோட்ட அலங்காரத்துக்காக இந்த வகைக் கற்களைப் பெருமளவில் பெயர்த்து விற்றார்கள். 1981ஆம் ஆண்டின் வனவுயிர், நாட்டுப்புறச் சட்டம் இத்தகைய கல்தளங்களுக்குப் பாதுகாப்பு அளித்தது. பெயர்த்தெடுத்த கல்தளம் மறுபடி உருவாவதில்லை.