அன்னா மாணி

அன்னா மாணி (ஆகஸ்ட் 23, 1918 – ஆகஸ்ட் 16, 2001) இந்திய இயற்பியலாளர், வானிலை அறிவியலாளர். வானிலைக் கருவிகளை இந்தியாவிலேயே உருவாக்கித் தரப்படுத்தும் பணிக்குத் தலைமை தாங்கியவர். சூரியக் கதிர்வீச்சு, ஓசோன், காற்றின் ஆற்றல் ஆகியவற்றை நாடு முழுவதும் அளப்பதற்கு வழிவகுத்தவர்.

பிறப்பு, கல்வி

அன்னா மாணி அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த பீர்மேட்டில் பிறந்தார். கம்பத்திலிருந்து குமுளி மலைச்சாலை வழியே மேற்கே சென்றால் வரும் ஊர் இது. தந்தை பொறியாளர், ஏலத்தோட்ட உரிமையாளர். எட்டுப் பிள்ளைகளில் அன்னா மாணி ஏழாமவர். எட்டாவது பிறந்தநாளுக்குக் கொடுத்த வைரத் தோட்டை மறுத்து, பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தைக் கேட்டுப் பெற்றார்.

1939-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1940-ல் உதவித்தொகை பெற்று, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி. வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளியியல் பண்புகளை ஆராய்ந்து ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945-ல் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டை அளித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கவில்லை.

கருவிகள்

அதே ஆண்டு லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குச் சென்று வானிலைக் கருவிகள் பற்றிப் பயின்றார். 1948-ல் நாடு திரும்பி, புனேயில் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார். அக்காலத்தில் வானிலைக் கருவிகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வாங்கப்பட்டன. ஏறத்தாழ 100 வகைக் கருவிகளுக்கான வரைபடங்களை அவர் தரப்படுத்தியதால், அவற்றை உள்நாட்டில் தயாரிக்க முடிந்தது. தவறான அளவீட்டைவிட அளக்காமல் இருப்பதே மேல் என்பது அவரது கொள்கை.

கதிர்வீச்சும் ஓசோனும்

1957–58 பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி, சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாட்டின் பல இடங்களில் அமைத்தார். 1960 முதல் ஓசோன் ஆய்வில் ஈடுபட்டார். பலூனில் கட்டி மேலே அனுப்பப்படும் ஓசோன் அளவி ஒன்றை அவரது குழு உருவாக்கியது. பலூன் உயர உயர, ஒவ்வொரு உயரத்திலும் உள்ள ஓசோனின் அளவை அக்கருவி வானொலி அலை மூலம் தரைக்கு அனுப்பும். அண்டார்டிகாவின் ஓசோன் துளை பற்றிய செய்தி 1985-ல் உலகை எட்டுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய பணி இது. விக்ரம் சாராபாயின் வேண்டுகோளின்படி, தும்பா ராக்கெட் ஏவுதளத்தில் வானிலை ஆய்வு நிலையத்தையும் அமைத்துக் கொடுத்தார்.

காற்றின் ஆற்றல்

1976-ல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றபின், 700-க்கும் மேற்பட்ட இடங்களின் காற்று விவரங்களைத் தொகுக்கும் திட்டத்தை வழிநடத்தினார். இந்திய சூரியக் கதிர்வீச்சு பற்றிய இவரது நூல்கள் 1980, 1981-லும், காற்றாற்றல் பற்றிய நூல் 1983-லும் வெளிவந்தன.

காற்றாலைக்குத் துல்லியமான அளவீடு இன்றியமையாதது. காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். எடுத்துக்காட்டாக, வேகத்தை 10 விழுக்காடு கூடுதலாக அளந்துவிட்டால், கிடைக்கும் ஆற்றல் 33 விழுக்காடு கூடுதலாகத் தெரியும். அதை நம்பி நிறுவப்படும் காற்றாலை எதிர்பார்த்த மின்சாரத்தைத் தராது.

தேனி மாவட்டத்தின் மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு, ஆண்டிபட்டி வட்டாரங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் உள்ளன. தென்மேற்குப் பருவக்காற்று பீர்மேடு பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலை தாண்டி வறண்ட காற்றாக இப்பக்கம் வீசுகிறது. இங்கு மழையைக் குறைக்கும் அதே காற்றுதான் ஆண்டிபட்டி, கண்டமனூர் பகுதிக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. எந்த இடத்தில் எவ்வளவு காற்று என்பதை ஊகமாக விடாமல் அளந்து எழுதிவைக்கும் வழக்கத்தை நாட்டில் வளர்த்தவர்களில் அன்னா மாணி முதன்மையானவர்.

விருது, மறைவு

1987-ல் கே. ஆர். ராமநாதன் பதக்கம் பெற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 2001 ஆகஸ்ட் 16 அன்று திருவனந்தபுரத்தில் காலமானார். முனைவர் பட்டம் பெறாத அவரது ஆய்வேடு, பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவன நூலகத்தில் உள்ளது.