மறைந்த நண்பர்களுக்கு ஓர் இசை அஞ்சலி

தமிழ்நாட்டையே சிரிக்க வைத்த தூத்துக்குடி சந்திரபாபு 1974-இல் மறைந்தபோது அவருக்கு வயது 46. ஆட்டமும் பாட்டும் கைவந்த அக்கலைஞரை மதுப்பழக்கம் நலியச் செய்தது. மேல்நாட்டுக் கலைஞர் பலரின் கதையும் இதுவே.

1970-களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மது விடுதி ஒன்றில் ராக் பாடகர் ஆலிஸ் கூப்பரும் நண்பர்களும் இரவுதோறும் கூடிக் குடித்தனர். விளையாட்டாகத் தங்களுக்கு ‘ஹாலிவுட் வாம்பயர்ஸ்’ என்று பெயரிட்டுக் கொண்டனர். அவர்களுள் ஒருவர் ‘தி ஹூ’ குழுவின் டிரம்ஸ் கலைஞர் கீத் மூன். குடியை விடுவதற்கென்று மருத்துவர் தந்த மாத்திரைகளையே அளவு மீறி விழுங்கி, 1978-இல் 32 வயதில் மாண்டார்.

கூப்பரோ 1980-களில் குடியை அறவே விட்டார், பிழைத்தார். பின்னர் கிதார் கலைஞர் ஜோ பெரி, நடிகர் ஜானி டெப் ஆகியோருடன் அதே பெயரில் ஒரு குழு அமைத்தார். மறைந்தோர் புகழ்பெறச் செய்த பாடல்களை மீண்டும் பாடி, 2015-இல் இசைத்தட்டாக வெளியிட்டார்.

அன்புத் தோழியரே! குடியை விட்டவர் இருந்ததால்தானே அஞ்சலி பாட ஒருவர் எஞ்சினார்? நண்பரை அழிவு வழியினின்று விலக்குவதே நட்பு என்றார் வள்ளுவர். இறந்தபின் பாடும் பாட்டினும், இருக்கும்போதே “வேண்டாம்” என்று சொல்லும் ஒரு சொல் மேலானதன்றோ!